முப்பத்தெட்டு புள்ளி ஒன்று

முனிலட்சுமிக்கு ஓரிடத்தில் நிலையாக இருக்க வராது. பேரிகையில் பன்னிரண்டாவது முடித்ததும் ஒரு ரோஜாப் பண்ணையில் ஒரு வருடம் பூ வெட்டினாள். அடுத்து ஓசூர்ப் பக்கம் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை. பெல்ட்டில் வருகிற பலகையில் ஒரே இடத்தில் ஒரே ஸ்க்ரூவை எட்டு மணி நேரம் முடுக்க வேண்டும். பதினோரு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு முடுக்கினாள். பிறகு ஒரு கார்மென்ட்ஸ். அதையும் விட்டாள். ஆனந்தராஜைக் கல்யாணம் செய்துகொண்டு மத்திகிரியில் வாடகை வீட்டுக்கு வந்த பிறகும் இந்தக் குணம் மாறவில்லை. அவன் கம்பெனி பஸ் ஓட்டுகிறவன், ஒன்பது வருடமாக ஒரே ரூட்டில் போய் வருகிறவன். ஒரு கம்பெனியில் ஒரு ஆயுத பூஜை பார்ப்பதற்குள் இன்னொரு கம்பெனி கேட்டில் போய் நிற்கிறாளே என்று அவன் சொல்வதில் கோபம் இருக்காது, ஆச்சரியம்தான் இருக்கும்.

அப்படிப்பட்டவள் சூளகிரியில் சிவராஜின் பட்டறையில் மட்டும் எட்டு வருடம் இருந்துவிட்டாள்.

அது ஸ்ப்ராக்கெட் செய்கிற பட்டறை. சைக்கிளில் பெடலோடு சேர்ந்து சுற்றுகிற பல்சக்கரத்தையே பெரிதாக, தடிமனாக நினைத்துக்கொண்டால் போதும். சங்கிலி போட்டு ஓட்டுகிற எந்த மெஷினுக்கும் அது வேண்டும். முனிலட்சுமி முதலில் சேர்ந்தது வெட்டி முடித்த சக்கரங்களின் பல்லில் நிற்கிற பிசிறை அரம் வைத்து ராவுவதற்கு. நாலு மாதம் ராவினாள். ஐந்தாம் மாதம், இத்தனை பல்லுக்கு இத்தனை பெரிய வட்டம் என்று யார் முடிவு செய்வது என்று சிவராஜிடம் கேட்டாள். அவர் ஒரு பழைய கேட்டலாக்கைக் கொடுத்து, இதில் எல்லாம் டேபிளாக இருக்கிறது, பார்த்துக்கொள் என்றார்.

டேபிளில் எண்கள் இருந்தன, காரணம் இல்லை. சங்கிலியின் ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் உள்ள தூரத்துக்குப் பிட்ச் என்று பெயர். அந்தப் பிட்சைப் பல்லின் எண்ணிக்கையால் பெருக்கினால் வட்டத்தின் சுற்றளவு வர வேண்டும் என்று அவள் கணக்குப் போட்டாள். அதிலிருந்து வந்த விட்டம் டேபிளில் இருப்பதைவிட ஒவ்வொரு முறையும் கொஞ்சம் குறைந்தே வந்தது. இரண்டு நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் வீட்டில் விளக்குமாற்று ஈர்க்கை ஒரே அளவாக ஒடித்துத் தரையில் வட்டமாக அடுக்கிப் பார்த்தபோது விளங்கியது. சங்கிலி வளைவதே இல்லை. ஒவ்வொரு கண்ணியும் குச்சி மாதிரி நேராகத்தான் படுக்கிறது. பதினேழு பல் என்றால் அது வட்டமில்லை, பதினேழு பக்கம் கொண்ட உருவம். நூற்றெண்பது டிகிரியைப் பல்லின் எண்ணிக்கையால் வகுத்து, அதன் சைனால் பிட்சை வகுத்தால், டேபிளில் இருந்த எண் கடைசிப் புள்ளிவரை அப்படியே வந்தது. பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்து மறந்துபோன சைன் இதற்குத்தானா என்று ஆனந்தராஜிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள். அவன் ஈர்க்கைப் பெருக்கித் தள்ளிவிட்டுப் பாயை விரித்தான்.

இரண்டாம் வருடத்திலிருந்து பட்டறையின் டிராயிங் எல்லாம் அவள் கையில் வந்தது. டிராயிங் தாளின் வலது மூலையில் ஒரு சின்னக் கட்டம் இருக்கும், வரைந்தவர் பெயர் என்று. அதில் தன் பெயரை முழுதாகப் போடுவாள். அவளுடைய வீட்டில் அதற்குமுன் யார் பெயரும் ரேஷன் கார்டு, மார்க் ஷீட் தவிர எதிலும் அச்சானதில்லை.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். முனிலட்சுமியின் அம்மா ஜோதியம்மாள், பேரிகையில் சிவராஜ் குடும்பத்து நிலத்தில்தான் இருபது வருடம் களை பறித்தாள், தக்காளி பறித்தாள். சிவராஜ் இன்ஜினியரிங் படித்துவிட்டு, நிலத்தில் ஒரு பகுதியை விற்றுப் பட்டறை வைத்தவர். கெட்டவர் இல்லை. எல்லாரோடும் நின்று ஒரே டீயைத்தான் குடிப்பார். இந்தப் பழைய கதையை அவரும் பேசியதில்லை, இவளும் பேசியதில்லை. ஆனால் அவர் கண்ணாடி ரூமின் கதவருகே போகும்போதெல்லாம் முனிலட்சுமியின் கால்கள் தானாக ஒரு அடி முன்னதாகவே நின்றுவிடும். அது அவளுக்கே பிடிக்காது.

போன ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. கிருஷ்ணகிரியைத் தாண்டி இருக்கிற ஒரு மாங்கூழ் ஃபேக்டரியிலிருந்து, மெயின்டெனன்ஸ் பார்க்கிற ஹரீஷ்குமார் வந்தான். கழுவிய மாம்பழத்தை மேலே ஏற்றுகிற எலிவேட்டரின் ஸ்ப்ராக்கெட் உடைந்துவிட்டது. உடைந்ததில் பாதிதான் கிடைத்தது, மீதி பழம் கழுவுகிற தொட்டிக்கு அடியில் எங்கோ கிடக்கிறது. ஷாஃப்டின் மறுமுனையில் இன்னொன்று துருப்பிடித்து இறுகியிருந்தது. அதில் எண்ணிப் பார்த்தானாம், பதினேழு பல். இரண்டையும் புதிதாகப் போட்டுவிட வேண்டும். பழைய சங்கிலியில் ஒரு முழத்துண்டு கொண்டுவந்திருந்தான். புதுச் சங்கிலிக்குப் பார்ட் நம்பரை மட்டும் சொல்லிப் பெங்களூரில் ஆர்டர் கொடுத்தாகிவிட்டது, மறுநாள் காலை நேராக ஃபேக்டரிக்கு வந்துவிடும். சீசன் உச்சத்தில் இருந்தது. கேட்டுக்கு வெளியே பெங்களூரா ரக மாம்பழ லோடோடு லாரிகள் வரிசையில் நிற்பதாக, உட்காராமலே சொல்லி முடித்தான்.

சிவராஜ் சங்கிலியை மேஜையில் நீட்டி, இழுத்துப் பிடித்துப் பத்துக் கண்ணியை அளந்தார். முந்நூற்றுத் தொண்ணூற்றொன்று மில்லிமீட்டர். ஒரு கண்ணிக்கு முப்பத்தொன்பது புள்ளி ஒன்று. கண்ணிகளுக்கு நடுவே உருளுகிற ரோலரை வெர்னியர் அளவுகோலில் வைத்தார், குறுக்களவு இருபத்தைந்து.

"நாப்பது பிட்ச். இத்தாலி மெஷினு, எல்லாம் ரவுண்டா மில்லிமீட்டர்லதான் போடுவான்" என்றார்.

முனிலட்சுமிக்கு அது உறுத்தியது. பின்னும் அது சுழல்கிற புஷ்ஷும் தேயத் தேயச் சங்கிலி நீளும். அதனால்தான் பழைய சைக்கிளில் சங்கிலி தொங்குகிறது. குறைவது என்பது கிடையாது. அவள் அதைச் சொன்னாள்.

"சார், நாப்பதா இருந்தது தேஞ்சு முப்பத்தொன்பதா வராதுங்க. முப்பத்தெட்டு புள்ளி ஒண்ணா இருந்து நீண்டிருக்கும். ஒன்றரை இஞ்ச்."

சிவராஜ் சங்கிலியைத் தூக்கிக் காட்டினார். மாங்கூழ் காய்ந்து பிசின் மாதிரி இறுகி, நாலைந்து கண்ணிகள் நேராகவே நிற்கவில்லை. அவை நிமிராததால்தான் அளவு குறைத்துக் காட்டுகிறது என்றார். அதுவும் நடக்கக்கூடியதுதான். ஹரீஷ்குமார் வாட்ச்சைப் பார்த்தான். சிவராஜ், போய் வரையச் சொன்னார். குரலை உயர்த்தவில்லை. ஆனால் வெளி ஆள் முன்னால், முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

பதினேழு பல், நாற்பது பிட்ச். விட்டம் இருநூற்றுப் பதினேழு புள்ளி ஆறு ஒன்பது. வரைந்தாள், கட்டத்தில் பெயரைப் போட்டாள், புரோகிராமை மெஷினுக்கு அனுப்பினாள். பத்தரைக்கு மெஷின் ஆபரேட்டர் மணி முதல் சக்கரத்தை வெட்ட ஆரம்பித்தான்.

அவளால் உட்கார முடியவில்லை. பட்டறையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். அப்புறம் கம்ப்யூட்டரில் முப்பத்தெட்டு புள்ளி ஒன்றுக்கு இன்னொரு டிராயிங் போட்டு, இரண்டையும் நிஜ அளவில் பிரின்ட் எடுத்தாள். உடைந்த பாதிச் சக்கரத்தை ஒன்றன்பின் ஒன்றாகத் தாள்களின்மேல் வைத்தாள். அதில் எட்டுப் பல் முழுதாக இருந்தது. நாற்பது பிட்ச் தாளில் முதல் பல்லைப் பொருத்தி வைத்தால் நாலாவது பல் கோட்டை விட்டு விலகியது, எட்டாவது ஒரு விரல் தடிமன் தள்ளி நின்றது. மற்றத் தாளில் எட்டும் கோட்டின்மேல் உட்கார்ந்தன. பல் தேய்ந்து மெலியலாம், ஆனால் ஒன்றுக்கொன்று நெருங்கி வராது. சந்தேகப்பட இனி எதுவும் இல்லை.

அப்போது நேரம் பன்னிரண்டு. இரண்டு தாளையும் எடுத்துக்கொண்டு கண்ணாடி ரூமுக்குப் போனாள். சிவராஜ் போனில் இருந்தார். நாலு மணிக்கு இரண்டும் ரெடியாகிவிடும், தன்னை நம்பலாம் என்று ஹரீஷ்குமாரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்துக் கையை மட்டும் உயர்த்தினார், அப்புறம் வா என்கிற மாதிரி. அவள் கதவருகே ஒரு ஐந்து நிமிடம் நின்றிருப்பாள். பிறகு திரும்பி வந்து தாள்களை டிராயரில் போட்டு மூடினாள்.

ஏன் திரும்பினாள் என்று அவளே பின்னால் எத்தனையோ முறை யோசித்திருக்கிறாள். பயம் இல்லை, சிவராஜ் அடித்துவிடப் போவதில்லை. மரியாதை என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தாள், அதுவும் இல்லை. அந்த ஐந்து நிமிடத்தில் மனசுக்குள் ஒரு வார்த்தை ஓடியது. ஆகட்டும். தப்பாகவே ஆகட்டும், அப்போதாவது தெரியட்டும். அந்த வார்த்தை வந்தபோது அவளுக்கு நன்றாகவே இருந்தது. அதுதான் பிற்பாடு அவளைத் தின்றது.

நாலேகாலுக்கு வண்டி வந்து இரண்டு சக்கரங்களையும் ஏற்றிக்கொண்டு போனது.

சாயங்காலம் வீட்டில் அவள் சமையற்கட்டுக்கும் வாசலுக்கும் நடந்த நடையைப் பார்த்து, ஒன்பதாவது படிக்கிற மகள் கவிப்ரியா புத்தகத்தை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். ஆனந்தராஜ் விஷயத்தைக் கேட்டு வாங்கினான். கேட்டதும் அவன் சொன்னது ஒன்றுதான், இப்போதே போன் செய். அவள் போனைக் கையில் எடுத்தாள். சிவராஜின் எண் வரை போனாள். இப்போது சொன்னால், மத்தியானமே தெரிந்தும் சொல்லவில்லை என்பதையும் சேர்த்தல்லவா சொல்ல வேண்டும்? போனைக் கவிழ்த்து வைத்தாள். ஒருவேளை தன் கணக்கே தப்பாக இருக்கட்டும் என்று அன்றுதான் முதல் தடவையாக வேண்டிக்கொண்டாள்.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு சிவராஜுக்குப் போன் வந்தது. பேசிவிட்டு வெளியே வந்தவர் அவளைப் பார்த்து, "ஏறு வண்டில, போலாம்" என்றார். அவ்வளவுதான். முக்கால் மணி நேரம் ஹைவேயில் போனார்கள்.

ஃபேக்டரிக்கு ஒரு ஃபர்லாங் முன்பிருந்தே லாரிகள் நின்றன. வெயிலில் பழம் கனன்று புளித்த வாடை அடித்தது. லாரி நிழலில் லோடுமேன்கள் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்திருந்தார்கள். உள்ளே எலிவேட்டர் ஷாஃப்டில் அவள் வரைந்த சக்கரங்கள் இரண்டும் பளபளவென்று மாட்டியிருந்தன. புதுச் சங்கிலி முதல் மூன்று பல்லில் உட்கார்ந்து, நாலாவதில் தூக்கி, ஆறாவதில் பல்லின் முனைமேல் ஏறி நின்றது. கணக்கு சரி என்பதில் ஒரு துளி சந்தோஷமும் வரவில்லை.

ஹரீஷ்குமார் முதலில் கன்னடத்தில் கத்தினான், பிறகு தமிழுக்கு வந்தான். கையில் டிராயிங் தாள் இருந்தது.

"இதுல பேர் போட்டிருக்கிறது யாரு?"

"நான்தாங்க" என்றாள்.

அளக்கத் தெரியாதவர்கள் கையில் எதற்காக வேலையைக் கொடுக்கிறீர்கள் என்று அவன் சிவராஜைக் கேட்டான். சுற்றி ஃபிட்டர்கள் நின்றார்கள். சிவராஜ் தாளை வாங்கி ஒரு நிமிடம் அந்தக் கட்டத்தையே பார்த்தார்.

"அளந்தது நான். இந்தப் பொண்ணு மொதல்லயே சந்தேகமா இருக்குதுன்னு சொல்லுச்சு. நாந்தான் கேக்கல" என்றார்.

அவர் அப்படிச் சொல்வார் என்று முனிலட்சுமி எதிர்பார்க்கவில்லை. அவர் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் இவளும் மூடிக்கொண்டு நின்றிருப்பாள், எல்லாம் சமமாகிப் போயிருக்கும். இப்போது அப்படி நிற்க முடியவில்லை.

"சந்தேகம் இல்லைங்க. நேத்து மத்தியானமே எனக்கு நிச்சயமா தெரியும். அப்ப ஒரு சக்கரந்தான் வெட்டியிருந்தாங்க. நான் சொல்லாம விட்டுட்டேன்."

ஹரீஷ்குமாருக்கு யாரைத் திட்டுவது என்று தெரியாமல் போய்விட்டது. அவள் சும்மா நிற்க முடியாமல், புதுச் சங்கிலியைத் தரையில் நீட்டிப் பத்துக் கண்ணியை அளந்தாள். முந்நூற்று எண்பத்தொன்று. சக்கரம் பெரிதாகப் போனதுதான் நல்லது, பெரியதைக் கடைந்து, பல்லை இன்னும் ஆழமாக வெட்டிச் சிறியதாக்கிவிடலாம், வெட்டுவதற்குப் புது இரும்புக் கட்டை தேட வேண்டாம் என்று விளக்கினாள். ஃபிட்டர்களைக் கழற்றச் சொன்னாள். புதுச் சங்கிலியில் ஒரு நீளத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டாள். ஐந்தரைக்குள் திரும்பி வருவதாக அவளே வாக்குக் கொடுத்தாள், சிவராஜைக் கேட்கவில்லை.

வரும் வழியில் டோல்கேட் தாண்டியபின் சிவராஜ் வாயைத் திறந்தார்.

"ஏன் சொல்லல?"

நீங்கள் போனில் இருந்தீர்கள் என்று சொல்லலாம். அது பொய்யும் இல்லை.

"தப்பாகட்டும்னு நெனச்சிட்டேன் சார்."

அவர் கியரை மாற்றினார். சூளகிரி வரை அவள் மடியில் இருந்த சங்கிலியின் எண்ணெய் சேலையெல்லாம் ஊறியது. அவள் அதை விலக்கி வைக்கவில்லை.

பட்டறையில் எந்த எண்ணையும் அவள் மனதில் இருந்து எடுக்கவில்லை. எல்லாவற்றையும் திரும்பப் போட்டாள். விட்டம் இருநூற்றேழு புள்ளி மூன்று ஐந்து. அதிலிருந்து ரோலரின் குறுக்களவைக் கழித்தால், பல்லுக்குப் பல் நடுவே ரோலர் உட்காரும் பள்ளங்களின் அடிவட்ட அளவு. பழைய ரோலர் இருபத்தைந்து காட்டியது தேய்மானம். புதியது இருபத்தைந்து புள்ளி நாலு, அதைத்தான் எடுக்க வேண்டும். ஏமாந்துபோகிற இடம் இன்னொன்றும் இருந்தது. பதினேழு ஒற்றைப்படை, ஒரு பள்ளத்துக்கு நேர் எதிரே பள்ளம் இருக்காது, பல் இருக்கும். வெர்னியரைக் குறுக்கே வைத்து அளந்தால் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் குறைத்துக் காட்டும். அதை நம்பி யாரும் கை வைக்கக் கூடாது என்று மணியிடம் இரண்டு முறை சொன்னாள். மெஷின் ஓடிய நேரம் முழுதும் அதன் கண்ணாடி ஜன்னல் முன்னால் ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றாள். ஒருமுறை குறைத்து வெட்டிவிட்டால் அப்புறம் ஏற்ற வழியில்லை.

நாலரைக்கு இரண்டும் இறங்கின. சூடு ஆறுவதற்குள் சங்கிலியைச் சுற்றிப் போட்டாள். ஒவ்வொரு ரோலரும் தன் பள்ளத்தில் போய் அமர்ந்தது. மணி கை தட்டினான். அவள் துணியில் சுற்றச் சொன்னாள்.

ஐந்தரைக்கு முடியவில்லை, ஆறேகால் ஆயிற்று. மாட்டி ஓட்டிப் பார்க்கையில் ஏழு. பழங்கள் தண்ணீர் சொட்டச் சொட்ட மேலே ஏறின. ஹரீஷ்குமார் அவள் பக்கம் வந்து, காலையில் பேசியதை மனதில் வைக்க வேண்டாம் என்றான். அவள் கேட்டுக்கொண்டாள். ஆனால் அவள் கண் கேட்டுக்கு வெளியே இருந்தது. அங்கே ஒரு லாரியின் பழத்தை எடுக்க முடியாது என்று திருப்பிவிட்டார்கள். அடியில் இருந்ததெல்லாம் கசிந்து போயிருந்தது. அந்தத் தோப்புக்காரர் பெயர் திம்மப்பன். பெரிய ஆள் இல்லை, ஒட்டு மரம் நாற்பதோ ஐம்பதோ வைத்திருப்பவர். அவர் யாரோடும் சண்டை போடவில்லை. தார்ப்பாயை மடித்து, டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, எங்கே கொட்டுவது என்று கேட்டார். அது முனிலட்சுமியின் காதில் விழுந்தது. சக்கரம் செவ்வாய்க்கிழமையே சரியாகப் போயிருந்தால் அந்தப் பழம் புதன்கிழமை காலையில் கூழாகியிருக்கும். இதற்குச் சைனும் வேண்டாம், டேபிளும் வேண்டாம்.

அடுத்த ஒரு வாரம் சிவராஜ் வேலையைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை. தன்னை நிறுத்திவிடுவார் என்று அவள் முடிவே செய்துவிட்டாள். பட்டறையில் விட்டு வைத்திருந்த செருப்பையும் டிபன் டப்பாவையும் வீட்டுக்குக் கொண்டுபோனாள். ஓசூரில் இரண்டு கம்பெனிகளில் விசாரிக்கவும் செய்தாள். பழைய கால்கள் திரும்ப வந்துவிட்டன என்றான் ஆனந்தராஜ்.

பத்தாம் நாள் சிவராஜ் புது டிராயிங் தாள் ஒன்றை அவள் மேஜையில் வைத்தார். வரைந்தவர் என்கிற கட்டத்துக்கு மேலே, அளந்தவர் என்று இன்னொரு கட்டம் சேர்த்திருந்தார்.

"ரெண்டுலயும் நீயே போட்டுக்க. பார்ட்டி கொண்டாந்து குடுக்கிறத இனி நம்ப வேணாம். எடத்துக்கே போயி அளந்துனு வா" என்றார். கொஞ்சம் பொறுத்து, "நான் போன்ல இருந்தாலும் உள்ள வா" என்றார்.

அது மன்னிப்பா, தண்டனையா, நம்பிக்கையா என்று அவளுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. அவரும் சொல்லவில்லை. வேறு கம்பெனிக்குப் போகும் யோசனையை அவள் விட்டுவிடவும் இல்லை, தள்ளித்தான் வைத்திருக்கிறாள்.

இப்போது வாரத்தில் மூன்று நாள் அவள் ஸ்கூட்டியில்தான் இருக்கிறாள். பர்கூர்ப் பக்கம் கிரானைட் பாலிஷ் பட்டறை, பாகலூரில் பூ வைக்கிற குளிர்சாதனக் கிடங்கு, எல்லையைத் தாண்டி அத்திப்பள்ளி. சீட்டுக்கு அடியில் வெர்னியரும், ஸ்டீல் டேப்பும், கை துடைக்க ஒரு பழைய துண்டும் இருக்கும். கிருஷ்ணகிரிப் பக்கம் போகும்போதெல்லாம் திம்மப்பனின் தோப்பு எங்கே என்று விசாரிக்கத் தோன்றும். விசாரித்துப் போய் என்ன சொல்வது என்று தெரியாமல் வண்டியைத் திருப்பிவிடுவாள்.

போன மாதம் ஆனேக்கல் ரோட்டில் ஒரு கோழித் தீவன மில்லுக்குப் போனாள். அங்கிருந்த மேஸ்திரி கேட் வரை எட்டிப் பார்த்துவிட்டு, இன்ஜினியர் பின்னால் வருகிறாரா என்று கன்னடத்தில் கேட்டார். இவள் ஹெல்மெட்டைக் கழற்றி ஹேண்டில்பாரில் மாட்டினாள். உள்ளே சங்கிலி லொட லொடவென்று ஓடுகிற சத்தம் கேட்டது. எங்கோ ஒரு பல் தட்டுகிறது. யாரும் வரவில்லை, அளக்கப் போவது தான்தான் என்று அவளுக்குத் தெரிந்த கன்னடத்தில் சொல்லி, முதலில் மெஷினை நிறுத்தச் சொன்னாள். அவர் தயங்கினார். அவள் தயங்கவில்லை. சத்தம் வருகிற பக்கமாக நடந்தாள்.